அரிய கார் ஏன் அகப்படுவதில்லை?

குவியல் குவியலாகச் சிப்பிகளைத் திறந்தாலும் நல்ல முத்து ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். ஆயுள் முழுவதும் சங்கு குளித்தும் வலம்புரிச் சங்கைக் கையில் எடுக்காதவர்கள் உண்டு. முத்தையாபுரத்திலும் தூத்துக்குடிக் கரையிலும் வாழ்பவர்களுக்கு ‘அரிது’ என்ற சொல்லின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. இக்காலத்து மாணவர்களுள் பலர் அதே சொல்லை வீடியோ விளையாட்டின் திரையில் கற்கிறார்கள். அங்கே அவர்கள் தேடும் பொருள் பந்தயக் கார்.

எடுத்துக்காட்டாக, 2004-இல் வெளிவந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’ என்ற விளையாட்டைக் கொள்வோம். இதில் ஒரு கற்பனை மாநிலம் முழுவதும் ஆட்டக்காரர் விரும்பியபடி சுற்றலாம். அங்குள்ள துறைமுகத்தில் ஒரு கப்பல் நிற்கும். அதில் தொங்கும் பட்டியல்களில் உள்ள வண்டிகளைத் தேடிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒரு பட்டியலுக்கு 10 வீதம் மூன்று பட்டியல்களிலுமாக 30 வண்டிகள். இன்ஃபெர்னஸ், சீட்டா, பான்ஷீ முதலிய வேகக் கார்களும் அவற்றுள் அடங்கும்.

இதை ஆடியவர்கள் ஒரு விந்தையைக் கவனித்திருப்பார்கள். மணிக்கணக்கில் தேடியும் கண்ணில் படாத கார் ஒன்று எப்படியோ அகப்படுகிறது. அதில் ஏறி நான்கு தெரு தாண்டுவதற்குள் அதே வகைக் கார் எதிரும் புதிருமாக வரத் தொடங்குகிறது! இது மாயமா? இல்லை. காரணம் கணிப்பொறியின் நினைவகத்தில் இருக்கிறது.

இந்த விளையாட்டு முதலில் ஓடிய பிளேஸ்டேஷன் 2 கருவியின் முதன்மை நினைவகம் 32 மெகாபைட்தான். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் பத்துப் புகைப்படங்களே அதை நிரப்பிவிடும். ஒரு மாநிலத்தின் எல்லா வண்டிகளுக்கும் அதில் இடம் ஏது? ஆகவே ஒரு நேரத்தில் சில வகைகளின் வடிவங்கள் மட்டும் நினைவகத்தில் ஏற்றப்படும். சாலையில் ஓடும் வண்டிகள் எல்லாம் அச்சிலவற்றின் நகல்களே. நீங்கள் ஓட்டும் காரின் வடிவம் கட்டாயம் நினைவகத்தில் இருந்தாக வேண்டும். எனவே அதன் நகல்கள் பெருகுகின்றன.

எந்த வகையை ஏற்றுவது என்பதும் முழுவதும் தற்செயலன்று. செல்வர் வாழும் பகுதிக்கு ஒரு தொகுதி, நாட்டுப்புறத்திற்கு வேறொரு தொகுதி என்று முன்கூட்டியே பிரித்து வைத்திருக்கிறார்கள். வேகக் காரைத் தேடுபவர் உழவர் சாலையில் காத்திருப்பது, சிப்பி விளையும் பாரை விட்டுவிட்டு வெறும் மணலில் மூழ்குவதற்கு ஒப்பாகும்.

இனி நிகழ்தகவுக்கு வருவோம். ஓர் அரிய கார் 100-க்கு ஒரு முறை தோன்றும் என்று வைத்துக்கொள்வோம். 100 முறை முயன்றால் உறுதியாகக் கிடைத்துவிடுமா? பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு முறை கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.99. இதை 100 முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.37 வரும். அதாவது 100 பேர் இவ்வாறு முயன்றால் சுமார் 37 பேர் வெறுங்கையுடன் திரும்புவார்கள். 300 முறை முயன்றாலும் 100-இல் 5 பேருக்குக் கிடைத்திராது. அவர்களுக்கு அடுத்த முறையாவது வாய்ப்புக் கூடுமா? கூடாது. அதே 100-இல் 1 தான். நடந்துபோன முயற்சிகளைத் தற்செயல் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

முழுத் தொகுப்பையும் சேர்ப்பது இன்னும் கடினம். 30 வகைகளும் சம வாய்ப்புடன் ஒவ்வொன்றாக வருகின்றன என்று கொள்வோம். முதல் 15 வகைகளைச் சேர்க்கச் சராசரியாக 20 முயற்சிகள் போதும். எஞ்சிய 15-க்குச் சுமார் 100 முயற்சிகள் தேவை! கடைசி ஒன்றுக்கு மட்டுமே சராசரியாக 30 முயற்சிகள். கையில் சேரச் சேர, வருவதெல்லாம் ஏற்கெனவே உள்ளதாகவே இருக்கும் என்பதே இதற்குக் காரணம்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? பழைய விளையாட்டில் வீணாவது நேரம் மட்டுமே. பிற்காலத்தில் வந்த பல விளையாட்டுகளில், காசு கொடுத்துத் திறக்கும் ‘அதிர்ஷ்டப் பெட்டிகள்’ புகுந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்த பின்புதான் தெரியும். பாதித் தொகுப்பு விரைவில் சேர்ந்துவிடுவதால், மீதியும் அப்படியே சேரும் என்று மனம் நம்புகிறது. மேலே கண்ட கணக்கு அந்த நம்பிக்கை பொய் என்று காட்டுகிறது. இப்பெட்டிகளில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளியிட வேண்டும் என்று சீனா 2017-இல் விதித்தது. பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்திற்கு உட்பட்டவை என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் முடிவு கூறியது.

இயற்கையின் அருமைக்கும் திரையின் அருமைக்கும் உள்ள வேறுபாட்டையும் நோக்குங்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். பார்களில் சிப்பி வளம் குன்றியபின், எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதை உடனே வருவிக்க இயலவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் தூத்துக்குடியில் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். அதற்கும் உழைப்பு தேவைப்பட்டது. திரையிலுள்ள காரோ, ஓர் எண்ணை மாற்றினால் கோடிக்கணக்கில் பெருகும். அதை அரிதாக வைத்திருப்பது விளையாட்டை எழுதியவரின் விருப்பமே.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஆறு துண்டுச் சீட்டுகளில் 1 முதல் 6 வரை எழுதி ஒரு டப்பாவில் இடுங்கள். குலுக்கி ஒன்றை எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, திரும்ப உள்ளே போடுங்கள். ஆறு எண்களும் வந்து முடிய எத்தனை முறை எடுக்க நேர்ந்தது? இவ்வாறு 20 தடவை செய்து சராசரி காணுங்கள். அது 15-ஐ ஒட்டி வரும். அவற்றுள் கடைசி எண்ணுக்காக மட்டும் எத்தனை முறை காத்திருந்தீர்கள் என்பதையும் தனியே குறித்து வையுங்கள். அடுத்த முறை ஒரு பெட்டியைத் திறக்கக் காசை நீட்டும்போது அந்தக் குறிப்பு உங்களுக்கு உதவும்.