மெமரி கார்டு போட்டால் லேப்டாப் ஓடுமா?

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அன்று தொடங்கும் ஓட்டம் ஆண்டுக் கடைசி வரை நிற்காது. பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு டிசைன் செய்பவர்கள் மெமரி கார்டைத் தேடுவதும் இந்தக் காலத்தில்தான். "32 ஜிபி கார்டு ஒன்றைச் செருகினால் போதும், பறக்கும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பறக்காது. ஆனால் சில லேப்டாப்களில் ஓரளவு வேகம் கூடும் என்பது உண்மை.

லேப்டாப் ஏன் திணறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. 15-க்கு 20 அங்குலக் காலண்டர், அங்குலத்துக்கு 300 புள்ளி. அகலத்தில் 4,500, உயரத்தில் 6,000. மொத்தம் 2 கோடியே 70 லட்சம் புள்ளிகள். அச்சுக்கு நான்கு வண்ணம் என்பதால் புள்ளிக்கு நான்கு பைட். ஒரு லேயருக்கே 108 எம்.பி. சாமி படம், பின்னணி, பூ வேலை, கடைப் பெயர் என்று ஏழெட்டு லேயர் முழு அளவில் வந்தால் 1 ஜிபியை நெருங்கிவிடும். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வந்த லேப்டாப்களில் ராம் 2 ஜிபிதான். அதில் பெரும்பங்கை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். இடம் போதாதபோது ராமில் உள்ளதை ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளி, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. மவுஸ் சுட்டி சுற்றிக்கொண்டே நிற்பது அப்போதுதான்.

ஹார்ட் டிஸ்க் என்பது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. படிக்கும் முனை நகர்ந்து, வேண்டிய இடம் சுழன்று வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை விநாடிக்கு நூறு எடுப்பதே அதற்குப் பெரும்பாடு. மெமரி கார்டில் உள்ள ஃபிளாஷ் நினைவகத்தில் சுழல ஒன்றுமில்லை. தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கியது அது. (குட்டி ஜப்பான் எனப்படும் சிவகாசிக்குப் பெரிய ஜப்பானின் உபயம்.)

2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த ரெடிபூஸ்ட் என்ற வசதி இந்த வித்தியாசத்தைத்தான் பயன்படுத்துகிறது. பட்டாசுச் சரக்கெல்லாம் ஊருக்கு வெளியே குடோனில் இருந்தாலும், அடிக்கடி கேட்கும் அயிட்டத்தைக் கல்லாவுக்குப் பின்னால் ஒரு தட்டில் வைத்திருப்பார்களே, கார்டு அந்தத் தட்டு. அசல் சரக்கு ஹார்ட் டிஸ்க்கிலேயே இருப்பதால் கார்டைப் பிடுங்கினாலும் ஃபைல் போகாது. கார்டில் இருக்கும் நகலும் பூட்டிய எழுத்தில்தான் இருக்கும். வேறு கணினியில் படிக்க முடியாது.

கார்டு வாங்கும்போது பெரும்பாலோர் ஏமாறுவது அதன் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்ட 100, 170 எம்.பி. வேகத்தில். அது ஒரே பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். அந்த வேலையை ஹார்ட் டிஸ்க்கே நன்றாகச் செய்யும். போதாக்குறைக்கு, பழைய லேப்டாப்கள் பலவற்றில் கார்டு ஸ்லாட் உள்ளுக்குள் யு.எஸ்.பி. 2.0 வழியாக இணைந்திருக்கும். விநாடிக்கு 35 எம்.பி. தாண்டுவதே அரிது. கிளாஸ் 10, வி30 போன்ற குறிகள் வீடியோ எடுப்பவர்களுக்கானவை. நாம் தேட வேண்டியது ஏ1 என்ற சின்ன முத்திரை. விநாடிக்குக் குறைந்தது 1,500 சிறு துண்டுகளைப் படிக்கும், 500 எழுதும் என்பது அதன் பொருள். ஏ2 இன்னும் வேகம், ஆனால் அதற்கு ஏற்ற ரீடர் வேண்டும். பழைய லேப்டாப்பில் அந்தக் கூடுதல் காசு வீண்.

கொள்ளளவு ராமைப் போல ஒன்றிலிருந்து இரண்டரை மடங்கு போதும் என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன அளவு. 2 ஜிபி ராமுக்கு 4 ஜிபி என்று வைத்துக்கொள்ளலாம். 32 ஜிபி கார்டு கடையில் எஃப்.ஏ.டி.32 அமைப்பில் வரும். அதில் ரெடிபூஸ்ட் 4 ஜிபிக்கு மேல் எடுக்காது என்பதால் குழம்ப வேண்டாம். பிளாட்பாரத்தில் 512 ஜிபி என்று சொற்ப விலைக்குக் கிடைப்பதைத் தொடவே வேண்டாம். உள்ளே 8 ஜிபி சில்லு இருந்துகொண்டு கணினியிடம் 512 என்று பொய் சொல்லும் கார்டுகள் உண்டு. முழுதும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளிடம் அந்தப் பொய் எடுபடாது.

ராம் 4 ஜிபி ஆனாலே கார்டின் பலன் தேய்ந்துவிடும்; 8 ஜிபியில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே கையில் கொஞ்சம் காசு இருந்தால் முதலில் ராம், பிறகு எஸ்.எஸ்.டி. இதுவும் ஃபிளாஷ்தான். ஆனால் விநாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளைக் கையாளும். எஸ்.எஸ்.டி.யில் ஓடும் கணினி போதிய வேகத்தில் இருக்கிறது என்று விண்டோஸே ரெடிபூஸ்ட்டை மறுத்துவிடும். இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. பழைய டிஸ்க்கின் இடத்தில் அப்படியே உட்காரும். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை யு.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டு, போன வருட டிசைன்களைச் சேமிக்க வைத்துக்கொள்ளலாம். பெரிய ஃபைல்களுக்கு அது இன்னும் தாராளம். கார்டு கேமராவுக்கு ஆகும்.