நுங்கு வண்டியும் கல்லேறும் லாரியும்

பழவேற்காட்டில் எந்த மீனவக் குப்பத்துக்குள் நுழைந்தாலும் யாராவது ஒருவர் எதையாவது சரிசெய்துகொண்டிருப்பார். லைட் ஹவுஸ் குப்பமோ கூனங்குப்பமோ, வலையின் கிழிசலைப் பொத்துகிறவர் ஒரு பக்கம், கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகின் அடியில் ரெசின் தடவுகிறவர் ஒரு பக்கம், எஞ்சினைக் கழற்றிப் பிரித்து டீசலில் கழுவுகிறவர் இன்னொரு பக்கம். இந்தக் கரையின் பிள்ளைகள் அன்று ஓட்டிய வண்டியையும் இன்று ஓட்டக்கூடிய வண்டியையும் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. ஊர் தன் கையால் எதைச் செய்கிறதோ, அதையே பிள்ளைகள் சின்ன அளவில் செய்து பார்ப்பார்கள் என்பது என் திடமான எண்ணம்.

அன்று கடலுக்குப் போனது கட்டுமரம். மிதக்கும் மென்மரக் கட்டைகளைக் கயிற்றால் இறுக்கிப் பிணைப்பார்கள். கரைக்கு வந்ததும் முடிச்சை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே காயப் போடுவார்கள். பழவேற்காடு ஏரிக்குள் ஓடியது தோணி. ஆழம் பல இடங்களில் இடுப்பளவுதான் என்பதால் கழியை ஊன்றித் தள்ளினாலே போதும். மரம், கயிறு, கழி, பாய். அப்பாவின் கையில் இருந்தவை இவ்வளவுதான். பிள்ளையின் வண்டியும் இதே மாதிரிதான் உருவானது.

சித்திரை, வைகாசியில் நுங்கு வெட்டுவார்கள். சுளையைத் தின்ற பிறகு மிஞ்சும் காய் இரண்டை எடுத்து, ஒரு முழக் குச்சியின் இரு முனையிலும் நடுவில் குத்தி ஏற்றினால் சக்கரம் தயார். கவட்டையுள்ள நீளக் கொம்பு ஒன்றின் கவட்டை அந்தக் குச்சியின் மேல் உட்காரும். கொம்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியதுதான். கொம்பைச் சற்றே முறுக்கினால் வண்டி திரும்பும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு காயும் குச்சியில் இறுகியிருப்பதால் ஒன்று சுற்றினால் மற்றதும் கூடவே சுற்றியாக வேண்டும். ஒரு காய் பள்ளத்தின் மேல் தரை தொடாமல் நின்றாலும் மற்றது மண்ணைக் கவ்வும். இந்த நுட்பத்துக்குத் திரும்பவும் வருகிறேன்.

தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக அறுத்துச் சக்கரமாக்கியதும், பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டியதும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொது. வலை மிதவை மட்டும் கடற்கரைப் பிள்ளைகளின் சொத்து. அதன் நடுவில் கயிறு கோக்கத் துளை இருக்கும். அந்தத் துளையில் அச்சைச் செருகிவிடலாம்.

பிறகு கரை மாறியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-இல் தொடங்கிய வங்காள விரிகுடா மீன்வளத் திட்டம், அலையைத் தாண்டிக் கரையேறக்கூடிய எஞ்சின் படகுகளை 1980-களில் செய்து சோதித்தது. ஃபைபர் படகு மெல்ல மெல்ல ஊர் ஊராக வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த படகுகளிலும் ஃபைபர்தான் மிகுதி. அதோடு கரையின் கைவேலையும் வேறாகிப்போனது. முடிச்சுப் போட்ட கை கண்ணாடி இழை விரிப்பை (மேட்) வெட்டி ரெசினில் நனைத்து அடுக்கக் கற்றது. நீண்ட சாஃப்டின் முனையில் விசிறி சுற்றும் டீசல் எஞ்சினைப் பிரித்துக் கோக்கக் கற்றது. கரையில் நடந்த பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது இந்தக் கைப்பழக்கத்தைத்தான். படகு மாறியதையே எல்லோரும் எழுதுகிறார்கள்.

தூரத்திலிருந்து இயக்கும் பொறி இந்தப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஜப்பானின் டமியா நிறுவனம் போர்ஷே 934 காரை 12-இல் ஒரு பங்கு அளவில் ரேடியோவால் ஓடும் பொம்மையாக 1976-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1979-இல், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 ராக்கெட் கிளம்பியது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் அந்தத் தீவிலிருந்து ராக்கெட் எழும்புவதைக் கரையில் நின்றே பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள். ஏவுகிற நாளில் அப்பாக்கள் அந்தப் பக்கம் கடலுக்குப் போக முடியாது என்ற கஷ்டத்தையும் சேர்த்தே பார்த்தவர்கள்.

இன்று கடையில் தொங்கும் ரிமோட் கார் பளபளவென்று இருக்கிறது. கடற்கரை மணலில் ஒரு மாலை ஓடினால் போதும், பிளாஸ்டிக் பல்சக்கரங்களுக்குள் மணல் புகுந்துவிடும். மோட்டார் உறுமும், வண்டி நகராது. பிரித்துப் பார்க்க முடியாதபடி ஒட்டி வைத்திருப்பார்கள். கரையில் எல்லாவற்றையும் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்த அப்பாவுக்கு இந்த ஒன்றை மட்டும் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது. எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது.

அதனால்தான் ராக் கிராலர் எனப்படும் கல்லேறும் வண்டி இந்தக் கரைக்குப் பொருந்தும் என்கிறேன். நிஜ லாரி அல்லது ஜீப்பின் 10-இல் ஒரு பங்கு அளவில், அதே அடிச்சட்டம், அதே அச்சு, அதே சாஃப்டுகளோடு செய்கிற ரேடியோ வண்டி இது. வேகம் இதன் குறியல்ல. 11 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் மணிக்கு 6 கிலோமீட்டர், அதாவது நாம் விரைந்து நடக்கும் வேகம். மோட்டாரோ நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றும். நடுவில் கியர் வைத்து 40-இல் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். வேகம் குறையக் குறைய இழுக்கும் பலம் கூடுகிறது. பேட்டரி டிரில்லிங் மெஷின் ஒன்று பழுதாகிக் கிடந்தால் அதன் கியர் பாக்ஸ் இந்த வேலைக்கு நல்ல தொடக்கம்.

இப்போது நுங்கு வண்டிக்கு வருவோம். நிஜ காரில் வளைவில் திரும்பும்போது உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற டிஃபரன்ஷியல் உதவுகிறது. கல் மேல் அதுவே எதிரி. ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் சுழற்சி முழுக்க அதற்கே போய்விடும், தரையில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். எனவே கிராலர் கட்டுகிறவர்கள் டிஃபரன்ஷியலைப் பூட்டி, இரு சக்கரத்தையும் ஒரே அச்சில் இறுக்கிவிடுகிறார்கள். பனங்காயைக் குச்சியில் குத்தி ஏற்றிய பிள்ளை செய்தது இதையேதான்.

அடிச்சட்டத்துக்கு இரண்டு அலுமினியப் பட்டைகள், குறுக்கே நான்கைந்து துண்டுகள். அச்சுகளைச் சட்டத்தோடு சேர்க்க, இரு முனையும் அசையக்கூடிய லிங்க் கம்பிகள் அச்சுக்கு நான்கு. முன் சக்கரத்தைத் திருப்ப ஒரு செர்வோ மோட்டார். மேற்கூடு அட்டையில் மாதிரி வெட்டி, சூடாக்கி விரித்த பி.வி.சி. குழாயில் செய்யலாம். படகுக்கு மிஞ்சிய மேட்டும் ரெசினும் இருந்தால் இன்னும் உறுதி. பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் பெட்டி முடைவது பெயர்பெற்ற தொழில். அளவு பார்த்து மடித்து மூலை சேர்க்கும் அந்தக் கண்ணும் கையும் இந்தக் கூட்டுக்கு அப்படியே உதவும், ஆகவே வீட்டுப் பெண்பிள்ளைகளை இந்த வேலையிலிருந்து ஒதுக்கி வைக்கவே கூடாது.

வாங்கியே ஆக வேண்டியவை ரிமோட், ரிசீவர், வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, செர்வோ, பேட்டரி. செலவில் பெரும்பகுதி இவற்றுக்குத்தான். பொன்னேரியில் ரயிலேறினால் சென்னை ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும். இப்போதைய ரிமோட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால் பத்து வண்டி ஓடினாலும் ஒன்றோடொன்று குழம்பாது. லித்தியம் பேட்டரியில் மட்டும் கவனம் வேண்டும். ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவும் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. சார்ஜ் ஏறும்போது பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இந்தக் கரையில் வண்டியைக் கொல்லப்போவது உப்பு. பேரிங் துருவேறும், பலகையின் செம்புத் தடம் பச்சை பூக்கும். ரிசீவரை மூடியுள்ள டப்பாவில் வைத்து ஒயர் நுழையும் வாயை அடைக்க வேண்டும். மின்பலகை மேல் நெயில் பாலிஷ் பூசுகிறவர்கள் உண்டு, அது பலன் தரும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு கிரீஸ் வைக்க வேண்டும். கரையில் எஞ்சின் வேலை செய்கிறவருக்கு இதையெல்லாம் நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வண்டிக்குப் பத்துப் பிள்ளைகள் வந்தால் என்ன செய்வது? ஏரியில் வலை போடும் இடத்தை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு என்னும் வழக்கம் இங்கே காலம் காலமாக இருக்கிறது. பெரியவர்களின் பாடு போலவே ரிமோட்டுக்கும் முறை வைத்துக்கொள்ளலாம்.

பழவேற்காட்டில் பாறை ஏது என்று கேட்பார்கள். இயற்கையாகக் கிடந்தது மணலும் சேறும்தான், மெய்தான். ஆனால் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் வந்தபின் இந்தக் கடலோரத்துக்குக் கருங்கல் லாரி லாரியாக வந்து சேர்ந்தது. வீட்டு வாசலில் நாலு கல்லை அடுக்கினாலும் தடம் ஆயிற்று. கல் ஏற வேண்டுமென்றால் வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டுகளைச் சக்கரத்துக்குள் வைத்துக் கட்டலாம், முன்சக்கரத்தில் கூடுதலாக. ஏறும்போது பாரம் பின்னுக்குச் சாய்வதை அது ஈடுகட்டும். ஏரியோரச் சேற்றுக்கு நேர்மாறு. ஈயத்தைக் கழற்றிவிட்டு, சக்கரத்துக்கு இரண்டிரண்டாக அகலமான மிதவைகளைக் கோத்தால் வண்டி புதையாமல் மேலாக நகரும்.