கையை விட்டும் வேகம் குறையாத பழைய புல்லட்

அத்தாவின் ஞாபகமாகப் பழைய புல்லட்டை வைத்திருக்கும் வீடுகள் நம் மஹல்லாவில் சில உண்டு. மாதக்கணக்கில் துணி போர்த்தி நிற்கும். பெருநாள் வந்தால் மகன் துடைத்து வெளியே எடுப்பார். அப்படி எடுத்த ஒரு வண்டி, ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் குறையாமல், பிள்ளைகள் விளையாடும் சந்துக்குள் சீறிப் போனது. ஓட்டியவர் கிளட்சைப் பிடித்துச் சாவியை அணைத்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

முதலில் அதைப் பழகிக்கொள்ளுங்கள். கிளட்ச், உடனே சாவி. கிளட்சைப் பிடித்ததும் எஞ்சின் இன்னும் அலறும்; பயந்து விட்டுவிடக் கூடாது. பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். இன்றைய வண்டி ஓட்டிப் பழகியவருக்கு அவசரத்தில் கால் மாறிவிடும்.

பழுதைப் பார்க்கும்போது எஞ்சின் அணைந்திருக்கட்டும். ஆக்ஸிலேட்டரை முறுக்கி விடுங்கள். 'டக்'கென்று தானாகத் திரும்ப வேண்டும். ஹேண்டில்பாரை இருபுறமும் ஒடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சிக்கினால், கேபிள் டேங்கின் அடியில் எங்கோ நசுங்குகிறது என்று அர்த்தம்.

இல்லையென்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரின் மேல்மூடியைத் திருகி, ஸ்லைடை வெளியே எடுங்கள். இப்போது கைப்பிடி சுலபமாகத் திரும்பினால் குற்றம் கார்புரேட்டருக்குள்தான். நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பழுப்பாகப் பிசின் படிந்திருக்கும். துணியில் பெட்ரோல் நனைத்துத் துடைத்தால் போதும். எமரித் தாள் போடவே கூடாது, தேய்ந்த ஸ்லைடு ஆடும், ஐட்லிங் நிற்காது. (திறந்த வெளியில் செய்யுங்கள். அடுப்பும் பீடியும் பக்கத்தில் வேண்டாம்.) சுத்தம் செய்தும் சிக்கினால், கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் நட்டுகளை யாரோ அளவுக்கு மீறி முறுக்கி, அதன் உடம்பே வளைந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

ஸ்லைடு வெளியே இருந்தும் கைப்பிடி கனமாக இருந்தால், கேபிளைக் கழற்றி மேல்முனையில் மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கீழே வடியும் வரை விட வேண்டும். உள்கம்பியில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் கேபிளையே மாற்றிவிடுங்கள். கேபிளின் விலையைப் பார்த்து இதில் மட்டும் சிக்கனம் பார்க்கிறோம், ஏனோ. கைப்பிடிக்கு அடியில் உள்ள குழாயில் துரு இருந்தால் தேய்த்துவிட்டு, லேசாகக் கிரீஸ் தடவலாம். ரப்பர் உறை உள்பக்கம் உரசுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

திரும்பப் பூட்டும்போது ஸ்லைடின் சரிவாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரை நோக்கி இருக்க வேண்டும். அதன் பள்ளம் உள்ளே இருக்கும் முளையில் உட்கார வேண்டும். தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டாமல் புதிதாகப் போடுங்கள். கேபிளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள்.

பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து, ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்புங்கள். சத்தம் கொஞ்சம் ஏறினாலும் கேபிளை மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை வண்டி வாசலைத் தாண்ட வேண்டாம்.