ஃபெர்மாவின் கணிப்பை உடைத்த 641

32 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 வரும். கணித வரலாற்றில் இந்த 4294967297-க்குத் தனி இடம் உண்டு.

பிரான்ஸைச் சேர்ந்த பியர் டி ஃபெர்மா 1640-இல் ஓர் எண்வரிசையைக் கவனித்தார். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். வரிசை முழுவதும் இப்படியே இருக்கும் என்று ஃபெர்மா நம்பினார், நிறுவ முடியவில்லை. அடுத்த எண்தான் நம்முடைய 4294967297.

1729-இல் கோல்ட்பாக் ஒரு கடிதத்தில் இந்தக் கணிப்பை ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1732-இல் ஆய்லர் விடையைச் சொன்னார்: 4294967297 = 641 × 6700417. இது பகு எண்.

கணினி இல்லாத காலத்தில் 641-ஐப் பிடித்தது எப்படி? இந்த எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 65536. அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. ஆனால், இதை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்று ஆய்லர் பின்னர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே ஆள் அகப்பட்டுவிடுகிறது! எங்கே தேட வேண்டாம் என்று அறிந்துகொள்வதுதான் எண் கணிதத்தின் பெரிய திறமை என்பேன்.

நீண்ட வகுத்தல் போடாமலே இதைச் சரிபார்க்கலாம். 640-இன் நான்காம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால், அது 641-ஆல் மீதியின்றி வகுபடும். 640 என்பது 5 × 2⁷. எனவே அதன் நான்காம் அடுக்கு 625 × 2²⁸. அதோடு 16 × 2²⁸-ஐக் கூட்டினால் 641 × 2²⁸ ஆகிவிடும். இதுவும் 641-ஆல் வகுபடும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். மிஞ்சுவது 16 × 2²⁸ + 1, அதாவது 2³² + 1. நம் எண்ணேதான்! பள்ளிக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு எட்டக்கூடிய நிறுவல்களில் இவ்வளவு அழகானவை அரிது. ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

இதற்கு இரண்டு குறைவான 4294967295-ம் சாதாரண எண் அல்ல. ஃபெர்மாவின் ஐந்து பகா எண்களையும் பெருக்கினால் கிடைப்பது அதுதான். 1796-இல் காஸ் 17 பக்க ஒழுங்கு பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டே வரைய முடியும் என்று காட்டினார். அவர் வழியில் பார்த்தால், அப்படி வரையத்தக்கவையாக நாம் அறிந்த ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள்.

65537-க்குப் பிறகு வரும் 28 ஃபெர்மா எண்களும் பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது. அதற்கு அடுத்ததில் 258 கோடிக்கு மேல் இலக்கங்கள். அது பகா எண்ணா, பகு எண்ணா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.