பனியில் நட்ட கொடிகள்

1911 பிப்ரவரியில் துருவப் பயணி ரோல்ட் அமுண்ட்சென் அண்டார்டிகாவின் பனிவெளியில் முதல் முறையாகத் தெற்கு நோக்கிக் கிளம்பினார். அந்தப் பயணத்தில் தென்துருவத்தை எட்டும் எண்ணம் அவருக்கு இல்லை. நாய்வண்டிகளில் உணவை ஏற்றிப்போய்ப் பனியில் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. அடுத்தடுத்த வாரங்களில் 80, 81, 82 டிகிரி தெற்கு அட்சரேகைகளில் மூன்று கிடங்குகள் அமைந்தன. மாதங்கள் கழித்து, துருவப் பயணத்தின்போது அவற்றைக் கண்டுபிடித்தாக வேண்டும். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளைதான். மூடுபனி இறங்கிவிட்டால் கிடங்குக்குச் சில நூறு அடி தள்ளி நடப்பவர்கூட அதைப் பார்க்காமல் கடந்துபோய்விடுவார்.

அமுண்ட்சென் கிடங்கின் உச்சியில் ஒரு கொடியை நட்டதோடு நிறுத்தவில்லை. பயணப் பாதைக்குக் குறுக்கே, கிழக்கிலும் மேற்கிலும் பல கிலோமீட்டர் தூரத்துக்கு வரிசையாகக் கொடிகளை நட்டார். ஒவ்வொரு கொடிக்கும் ஓர் எண் உண்டு. வழி தவறி எங்கே வந்து சேர்ந்தாலும் ஏதோ ஒரு கொடி கண்ணில் படும். கிடங்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். வழிநெடுக நடக் கொடி போதாமல் போனபோது காய்ந்த மீன்களைப் பனியில் குத்தி அடையாளம் வைத்தார்கள். டிசம்பர் 14 அன்று துருவத்தை அடைந்த ஐந்து பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

108 ஆண்டுகள் கழித்து, 2019-இல், சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ‘லிஃப்ட்’ என்ற வாடகைக் கார் நிறுவனம் தன் ஊழியர்களுக்காக உருவாக்கிய ஒரு மென்பொருளை ‘அமுண்ட்சென்’ என்ற பெயரிலேயே வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தியது. அந்த மென்பொருள் தேடுவது உணவை அல்ல, தரவை. நிறுவனத்தின் கிடங்குகளில் குவிந்து கிடக்கும் ஆயிரக்கணக்கான டேபிள்களில் தனக்கு வேண்டியது எது என்று தெரியாமல் தவிப்பவருக்கு அது கொடி காட்டுகிறது.

அந்தத் தவிப்பு எப்படி இருக்கும் என்பதை ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேலையில் சேர்ந்து ஒரு வாரமான பெண் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கேட்கிறார்: “அண்ணா, ஆர்டர் டேட்டா எந்த டேபிள்ல இருக்கு? ‘ஆர்டர்ஸ்’னு ஒண்ணு இருக்கு, ‘ஆர்டர்ஸ் ஃபைனல்’னு ஒண்ணு இருக்கு, ‘ஃபைனல் டூ’ன்னும் இருக்கு.” அவர் சொல்கிறார்: “ஃபைனலைத் தொடாதம்மா, அது போன வருஷமே நின்னுபோச்சு. முதல்ல இருக்கே, அதை எடு. ஆனா கேன்சல் ஆனதெல்லாம் அதுலயே கலந்து கிடக்கும், கழிச்சுக்கோ.” இந்த இரண்டு வரி எந்தக் கணினியிலும் எழுதப்படவில்லை; அந்த அண்ணனின் தலையில் மட்டும் இருக்கிறது. நாளைக்கே அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அவரோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

இங்கே காணாமல் போயிருப்பது தரவு அல்ல, தரவைப் பற்றிய தரவு. இதைத்தான் மெட்டாடேட்டா என்கிறார்கள். நம் வீட்டு மொய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், ஊர், தொகை என்று உள்ளே வரி வரியாக இருப்பது தரவு. யார் வீட்டுக் கல்யாணம், எந்த வருடம், எழுதியவர் யார், நோட்டு இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதெல்லாம் மெட்டாடேட்டா. அட்டை கிழிந்துபோன மொய் நோட்டு ஒன்று பரணில் கிடைத்தால் உள்ளே நூறு பெயர் தெளிவாக இருந்தும் பயனில்லை. அது அக்கா கல்யாணத்து நோட்டா, தம்பியின் காதுகுத்து நோட்டா என்று தெரியாமல் யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்வது?

அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை 2006-இல் வந்த பிறகு, தரவைக் கிளவுடில் கொட்டிவைப்பது மலிவாகவும் எளிதாகவும் ஆகிவிட்டது. எதையும் அழிக்கத் தேவையில்லை என்ற பழக்கமும் கூடவே வந்தது. அட்டையில்லாத நோட்டுகள் லட்சக்கணக்கில் சேர்ந்தன. அட்டை போடுவதற்கென்று 2017-இல் அமேசான் கொடுத்த சேவைதான் ‘குளூ’. அதற்குள் இருக்கும் கேட்டலாக்கில் டேபிளின் பெயர், நெடுவரிசைகளின் பெயர், ஒவ்வொன்றும் எந்த வகை, கோப்பு எஸ்3-யில் எங்கே இருக்கிறது என்ற விவரங்கள் பதிவாகின்றன. கையால் பதிய நேரமில்லாதவர்களுக்காக ‘கிராலர்’ என்ற தானியங்கி இருக்கிறது. அது கோப்புகளைத் திறந்து பார்த்து, உள்ளே இருப்பது இன்ன வடிவம் என்று தானே ஊகித்து எழுதிவைக்கும்.

ஊகம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கிராலருக்குள் இருக்கும் வகைப்படுத்திகள் ஒவ்வொன்றும் கோப்பைப் பார்த்துவிட்டு, இது தனக்குத் தெரிந்த வடிவம்தானா என்பதற்கு 0.0 முதல் 1.0 வரை ஓர் எண் தரும். 1.0 என்றால் முழு நிச்சயம். கமா போட்டுப் பிரித்த கோப்பில் ஒரு நெடுவரிசை முழுக்க எண்ணாக இருந்தால் அது எண் என்றே பதிவாகும். அதில் சென்னையின் தொலைபேசிக் குறியீடான 044 இருந்தால் முன்னால் நிற்கும் பூஜ்யம் உதிர்ந்து 44 ஆகிவிடும். கணக்குப்படி அதில் பிழை இல்லை. ஆனால் அந்த எண்ணைச் சுழற்றினால் மணி அடிக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. பெயரும் ஊரும் மட்டுமே கொண்ட பட்டியல் என்றால் எல்லாமே எழுத்துதான். முதல் வரி தலைப்பா, அதுவும் ஒருவரின் பெயரா என்று கிராலரால் பிரித்துச் சொல்ல முடியாது. அப்போது நெடுவரிசைகளுக்கு வெறும் எண்ணிட்ட பெயர்களைச் சூட்டிவிட்டுப் போய்விடும்.

குளூ கேட்டலாக் பொறியாளர்களுக்கானது. விற்பனைப் பிரிவில் இருப்பவரோ, புதிதாகச் சேர்ந்த ஆய்வாளரோ அதைத் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. நிறுவனத்தின் எல்லாத் தரவும் அதில் இருக்கும் என்பதும் இல்லை. ஆகவே, கிராலர் கோப்புகளிலிருந்து விவரம் திரட்டுவது முதல் அறுவடை என்றால், இரண்டாவது அறுவடை ஒன்றும் தேவைப்படுகிறது. குளூ போன்ற கேட்டலாக்குகளில் இருக்கும் விவரத்தை ஒரு நிரல் தினமும் எடுத்துவந்து, எல்லோரும் தேடக்கூடிய ஒரே தளத்தில் சேர்க்க வேண்டும். அமுண்ட்செனில் இந்த வேலையைச் செய்வது ‘டேட்டாபில்டர்’ என்ற பைத்தான் நூலகம். எடுத்தவற்றை நியோ4ஜே என்ற வலைப்பின்னல் தரவுத்தளத்திலும் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியிலும் அது ஏற்றுகிறது.

‘எல்லா டேபிளையும் கொடு’ என்று குளூவைக் கேட்பது ஒற்றை வரி நிரல்தான். புதியவர்கள் சறுக்குவது அந்த ஒற்றை வரியில்தான். குளூ ஒரு தடவைக்கு 100 டேபிளுக்கு மேல் தராது. மிச்சம் இருந்தால் கூடவே ஒரு டோக்கனைக் கொடுக்கும். அந்த டோக்கனைக் காட்டி மறுபடி கேட்டால் அடுத்த நூறு வரும். டோக்கனைக் கவனிக்காமல் விட்டால் நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் நூறோடு முடிந்துவிடும். 2,000 டேபிள் உள்ள நிறுவனத்தில் 1,900 டேபிள் தேடலில் வரவே வராது, யாருக்கும் சந்தேகமும் வராது. இதைவிட நுட்பமான பள்ளம் ஒன்றும் இருக்கிறது. பெரிய டேபிள்களைத் தேதிவாரியாகப் பிரித்து வைப்பார்கள். அப்படிப் பிரிக்கப் பயன்படும் நெடுவரிசையைக் குளூ மற்ற நெடுவரிசைகளோடு சேர்க்காமல் தனியிடத்தில் வைத்திருக்கும். இரண்டையும் சேர்த்து எடுக்கத் தெரியாவிட்டால், எல்லோரும் தினமும் தேடுகிற தேதி என்ற நெடுவரிசையே தளத்தில் இருக்காது.

சேர்ப்பதைவிடக் கடினம் நீக்குவது. பட்டியல் கேட்டால் கேட்டலாக் இருப்பதை மட்டும்தான் சொல்லும். நேற்று இருந்து இன்று அழிக்கப்பட்ட டேபிளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இராது. தளம் நேற்றைய பதிவை அப்படியே வைத்திருந்தால், இல்லாத டேபிளைத் தேடுபவருக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு முறை அப்படி ஏமாந்தவர் மூன்றாம் முறை தளத்தைத் திறக்க மாட்டார்; பக்கத்து இருக்கை அண்ணனிடமே போவார். அதனால் டேட்டாபில்டர் ஒவ்வொரு ஓட்டத்திலும் தான் தொட்ட பதிவுகளுக்கெல்லாம் அன்றைய முத்திரையைக் குத்துகிறது. பிறகு முத்திரை படாதவற்றைத் தேடிப் பிடித்து நீக்குகிறது.

இதில் ஒரு பேராபத்து ஒளிந்திருக்கிறது. ஒரு நாள் இரவு கிளவுடில் யாரோ அனுமதிகளை மாற்றி அமைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அமேசானின் ‘லேக் ஃபார்மேஷன்’ அனுமதி முறையில், பார்க்க உரிமையில்லாத டேபிள்கள் பட்டியலிலேயே வராது. பிழைச் செய்தியும் வராது, பட்டியல் மட்டும் சுருங்கிவிடும். அறுவடை நிரலின் கண்ணுக்கு அவை எல்லாம் அழிந்துபோனவை. முத்திரை படாதவற்றை நீக்கு என்ற கட்டளையை அது விசுவாசமாக நிறைவேற்றினால் விடிவதற்குள் தளமே காலியாகிவிடும். டேட்டாபில்டரை எழுதியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்து ஒரு தடுப்பு வைத்தார்கள். நீக்க வேண்டியவை மொத்தத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டினால் நிரல் எதையும் நீக்காமல் நின்று, பிழை என்று அறிவித்துவிடும். வேண்டுபவர் அந்த அளவை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சொல்லாமலே அமைந்திருப்பது 5. ஒரே ராத்திரியில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போனால், போனது தரவு அல்ல, தன் பார்வைதான் என்று ஒரு நிரல் சந்தேகப்படுவது பெரிய விஷயம். இந்த மென்பொருளில் மிகவும் மெச்சத்தக்க இடம் இதுதான்.

இதே அக்கறை விளக்கக் குறிப்புகளிலும் தெரிகிறது. ‘இந்த டேபிளில் ரத்தான ஆர்டர்களும் கலந்திருக்கின்றன’ என்று ஒருவர் தளத்தில் எழுதிவைக்கிறார். கேட்டலாக்கில் அந்த டேபிளுக்கு உள்ள குறிப்போ பழையது. இரவு அறுவடை வரும்போது அந்தப் பழைய குறிப்பு மனிதர் எழுதியதன்மேல் ஏறி அதை அழித்துவிடக்கூடும். அப்படி நடக்காமலிருக்க, குறிப்புகளைப் ‘புதிதாக இருந்தால் மட்டும் சேர், ஏற்கெனவே இருந்தால் தொடாதே’ என்று அமைக்க முடியும். இந்த ஓர் அமைப்பை மறந்த இடத்தில் ஒருவர் எழுதிய குறிப்பு மறுநாள் காலையில் இருக்காது. அவர் இன்னொரு தடவை எழுதவும் மாட்டார்.

அறுவடையால் எதைக் கொண்டுவர முடியாது என்பதும் இங்கேதான் விளங்குகிறது. மொய் நோட்டைப் பார்த்த கிராலர் மூன்றாம் நெடுவரிசையில் இருப்பது எண் என்று சொல்லும். அது ரூபாயா என்று அதற்குத் தெரியாது. ரூபாய்தான் என்றாலும், திருப்பிச் செய்தாகிவிட்டதா, இன்னும் பாக்கியா என்பதைச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும். ஆகவே ஒரு தேடல் தளத்தை எடைபோடும்போது எத்தனை லட்சம் டேபிளைச் சேர்த்தது என்று கேட்பதைவிட, யாரைப் போய்க் கேட்கலாம் என்று காட்டுகிறதா என்று பார்ப்பதே சரி. அமுண்ட்செனில் ஒரு டேபிளைத் திறந்தால் அதன் உரிமையாளர் யார், அதை அடிக்கடி பயன்படுத்துபவர்கள் யார் என்பதும் பெயரோடு தெரியும். தேடல் முடிவுகளின் வரிசையும் இதைச் சார்ந்ததுதான். கூகுளின் பேஜ்ரேங்க் முறையிலிருந்து ஊக்கம் பெற்று, அதிகம் பேர் பயன்படுத்தும் டேபிளை மேலே கொண்டுவருகிறார்கள். ‘ஆர்டர்ஸ்’ என்று தேடினால், போன வருடமே நின்றுபோன ‘ஃபைனல்’ தானாகக் கீழே போய்விடும்.

கூகுள் தனக்குள்ளேயே இதே சிக்கலை இன்னும் பெரிய அளவில் சந்தித்திருந்தது. அங்கே உருவான ‘குட்ஸ்’ என்ற அமைப்பைப் பற்றி 2016-இல் அதன் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை, அந்தக் கேட்டலாக்கில் 2,600 கோடிக்கும் அதிகமான தரவுத்தொகுப்புகள் இருந்ததாகச் சொல்கிறது. தரவை உருவாக்கும் குழுக்களிடம் போய், ‘இந்தப் படிவத்தை நிரப்புங்கள், அந்த முறைப்படி வையுங்கள்’ என்று குட்ஸ் கேட்கவில்லை. அவர்கள் தம் போக்கில் வேலை செய்யட்டும் என்று விட்டுவிட்டு, பின்னாலிருந்தே விவரங்களைப் பொறுக்கிச் சேர்த்தது. வேலைப்பளுவில் இருப்பவர் படிவத்தை நிரப்ப மாட்டார் என்பதை ஏற்றுக்கொண்டு கட்டிய அமைப்பு அது.

லிங்க்ட்இன் 2020-இல் பொதுவில் வெளியிட்ட ‘டேட்டாஹப்’ வேறொரு வழியை முன்னிறுத்தியது. நாம் இரவில் போய் எடுத்துவருவதற்குப் பதில், மாற்றம் நிகழும் இடமே அந்த நொடியில் செய்தி அனுப்பட்டும் என்பது அதன் வழி. விவரம் சுடச்சுட வந்து சேரும். ஆனால் செய்தி அனுப்ப ஒவ்வொரு அமைப்பையும் பழக்க வேண்டும். குளூவிலிருந்து எடுத்துவரும் வசதியும் டேட்டாஹப்பில் உண்டு. அமுண்ட்சென் அதே 2020-இல் லினக்ஸ் அறக்கட்டளையின் குடையின்கீழ் இயங்கும் எல்.எஃப். ஏ.ஐ. அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது.

எல்லாம் எல்லோர் கண்ணிலும் படலாமா என்ற கேள்வியும் எழும். லிஃப்ட் இதற்கு நடுவழி ஒன்றைப் பிடித்தது. இப்படி ஒரு டேபிள் இருக்கிறது, இன்னார் வசம் இருக்கிறது என்பதை எல்லோரும் பார்க்கலாம். உள்ளிருக்கும் தரவின் மாதிரி வரிகளை அனுமதி பெற்றவர் மட்டுமே பார்க்கலாம். பெட்டி இருக்கும் இடம் தெரிந்தால்தானே சாவி கேட்க முடியும்?

இப்படி ஒரு தளம் இருக்கும் அலுவலகத்தில் அதே புதிய பெண் முதலில் அதைத்தான் திறப்பார். ‘ஆர்டர்ஸ்’ என்று தட்டியதும் அதிகம் பயன்படும் டேபிள் மேலே வருகிறது. நெடுவரிசைகள் சரியாக இருக்கின்றன, தேதியும் இருக்கிறது. விளக்கம் எழுத வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் உரிமையாளர் என்று ஒரு பெயர், அந்த அண்ணனுடையது. அவரிடம் போய்க் கேட்டு, ரத்தான ஆர்டர்களைக் கழிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு, இருக்கைக்குத் திரும்பி வந்து, அந்த வெற்றிடத்தில் ஒரு வரி எழுதிச் சேமிக்கிறார்.