கடன் முடியும் பக்கம்: பேசாலையிலிருந்து ஒரு கணக்கு

கரையோர மீனவ ஊரான பேசாலையிலிருந்து மன்னார் நகரம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். மாவட்ட நீதிமன்றமும் காணிப் பதிவகமும் அங்கேதான் உள்ளன. கடனை இனி இறுக்க முடியாது என்று பேசாலைக்காரர் ஒருவர் சட்டப்படி அறிவிக்கப்பட்டால், அந்த வழக்கின் கோவை இந்த மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும். அதைத் தேட எத்தனை ஏடுகளைப் புரட்ட வேண்டும், எவ்வளவு நேரம் செல்லும், எந்தத் தொகைக்குக் கீழ்ப்பட்ட கடன் பொது ஏட்டில் ஏறாமற் போகலாம் என்பதே இக்கட்டுரையின் கணக்கு.

முதல் எண் 1853. தனிமனிதரின் வங்குரோத்தை ஆளும் சட்டம் அந்த ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். சுதந்திரத்துக்கு 95 ஆண்டுகளும், 1889 இன் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவைக்கு 36 ஆண்டுகளும் முந்தியது. நொடித்துப்போகும் கம்பனிக்கு உரியது 2007 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டம். அதன் இலக்கமும் 7 தான். இரண்டுக்கும் இடைவெளி 154 ஆண்டு. கம்பனி முறிந்தால் இந்த நூற்றாண்டின் நடைமுறை உண்டு. படகுக்காரர் முறிந்தால் விக்டோரியா காலத்து நடைமுறை.

1853 இன் சட்டம் இங்கிலாந்தின் 1849 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. அதன்படி கடனாளிக்குக் கிடைக்கும் சான்றிதழ் 3 தரம். தவிர்க்க முடியாத நட்டத்தால் முழுதாக நொடித்தவருக்கு முதல் தரம். ஓரளவு மட்டுமே அப்படி நொடித்தவருக்கு இரண்டாம் தரம். மற்றவருக்கு மூன்றாம் தரம். இங்கிலாந்து இத்தரப் பிரிப்பை 1861 இல், 12 ஆண்டுகளில் கைவிட்டது.

தேடுபவர் கையில் 3 விவரம் இருக்க வேண்டும்: முழுப்பெயர், வசித்த மாவட்டம், உத்தேச ஆண்டு. இவை இருந்தால் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கு இலக்கத்தைக் கண்டுபிடிக்கலாம். இலக்கம் கிடைத்தால் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டு தெரியாவிட்டால் வர்த்தமானியிலிருந்து தொடங்க வேண்டும். வங்குரோத்து அறிவித்தல் அதில் வெளியாவது வழமை. கடனாளியின் பெயர், ஊர், நீதிமன்றம், வழக்கு இலக்கம், அவர் முன்னிலையாக வேண்டிய 2 பகிரங்க அமர்வுகளின் திகதிகள் ஆகியவற்றைப் பழைய அறிவித்தல்கள் தாங்கியிருக்கின்றன. கடன்கொடுத்தவர்களின் கூட்டத்துக்கும், சான்றிதழ் வழங்கும் கூட்டத்துக்கும் தனித்தனி அறிவித்தல் உண்டு. ஒரே வழக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இதழ்களில் தலைகாட்டும் என்பதால், ஒன்றைத் தவறவிட்டாலும் மற்றொன்றில் பிடிக்கலாம்.

வர்த்தமானி 1802 மார்ச் 15 முதல் வெளிவருகிறது. வாராந்த இதழ் வெள்ளிக்கிழமை வரும், ஆண்டுக்கு 52. நீதிமன்றத் தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோருவதற்குக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 337 ஆம் பிரிவு வைத்திருக்கும் எல்லை 10 ஆண்டு. அதே 10 ஆண்டைத் தேடினால் 520 இதழ்கள். ஒவ்வொன்றின் சட்டப் பகுதியையும் பார்க்க 5 நிமிடம் என்று வைத்தால் 2,600 நிமிடம், அதாவது 43 மணி 20 நிமிடம். நாளுக்கு 8 மணி நேரம் உட்கார்ந்தால் ஐந்தரை நாளுக்குச் சற்றுக் குறைவு. நாட்கூலிக்குக் கடலுக்குப் போகும் ஒருவருக்கு அது ஐந்தரை நாள் உழைப்பு.

நீதிமன்றக் கோவைக்கும் வர்த்தமானிக்கும் அடுத்து, மூன்றாவது ஏடு காணிப் பதிவகத்தில். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச்சட்டப்படி ஈட்டு உறுதியும், நீதிமன்றம் காணியைக் கைப்பற்றிய அறிவித்தலும் அந்தக் காணிக்குரிய பக்கத்தில் பதியப்படுகின்றன. வங்குரோத்து வழக்கு இல்லாமலே ஒருவருடைய கடன் முற்றியதை இங்கே காணலாம். காணி இல்லாதவருக்கு இங்கே பக்கமும் இல்லை.

நான்காவது ஏடு 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கொடுகடன் தகவல் பணியகத்தில். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் கொடுத்த கடன், நிலுவை, தவணை தவறியமை எல்லாம் அங்கே சேர்கின்றன. தன் அறிக்கையை ஒருவர் தானே கேட்டுப் பெறலாம். அயலவர் பெற முடியாது. ஆக 4 ஏடுகளில் 3 பொதுமக்களுக்குத் திறந்தவை, 1 மூடியது. கடன் பற்றி மிகுதியாக எழுதப்பட்டிருப்பது அந்த மூடிய ஏட்டில்தான்.

ஐந்தாவது ஏடு கரையில் இருக்கிறது: மீன் வாங்கும் முதலாளியின் கொப்பி. எஞ்சினுக்கும் வலைக்கும் முற்பணம் கொடுத்து, பிடிபடும் மீனில் கழித்துக்கொள்வது இக்கரையில் பழகிய முறை. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டம் கடனின் வடிவத்துக்கேற்ப 4 எல்லைகளை வைத்திருக்கிறது. ஈட்டுக் கடனுக்கு 10 ஆண்டு. எழுதிய ஒப்பந்தத்துக்கு 6. எழுதாத வாக்குக்கு 3. விற்ற பொருளின் விலைக்கும் கடைக் கொப்பிக் கடனுக்கும் 1. கடை கொடுத்த வலையின் விலை ஓராண்டிலும், வாய்ப்பேச்சில் வந்த முற்பணம் மூன்றாண்டிலும் வழக்குத் தகுதியை இழக்கின்றன. இடையில் ஒரு பகுதியைச் செலுத்தினால் காலம் மீண்டும் எண்ணத் தொடங்கலாம். நாள்தோறும் மீனில் கழிக்கப்படும் கடன் பலருக்கு 3 ஆண்டைத் தாண்டியும் உயிரோடிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அடுத்த எண் 150,000. 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் மீட்புச் சட்டத்தின் விரைவு நடைமுறையை வங்கி பயன்படுத்துவதற்கு, கடன் இந்த ரூபாத் தொகையைத் தாண்ட வேண்டும். நீதிமன்றம் போகாமலே ஈட்டை ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை அதே ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்குக் கொடுத்தது. 2011 இன் திருத்தம் 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத முதற்கடனை அதிலிருந்து விலக்கியது. இரண்டாவது எல்லை முதலாவதைப் போல 33 மடங்கு. சிறு கடனாளிக்கு இவ்வெல்லைகள் காப்பு. அதே வேளை அவருடைய கடன் பொது ஏட்டில் ஏறாமற் போவதற்கும் ஒரு காரணமாகலாம்.

அந்தச் சிறு கடன் எவ்வளவு விரைவாகப் பெருகும் என்பதை 2022 காட்டியது. ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஏப்ரல் 12 அன்று நாடே தன் வெளிநாட்டுக் கடனை இறுப்பதை இடைநிறுத்தியது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று: அதிகரிப்பு 253 ரூபா, 291 சதவீதம். மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு படகுக்கு நாளுக்கு 25 லீற்றர், மாதம் 20 நாள் தொழில் என்று கொள்வோம். 500 லீற்றருக்கு முன்னர் 43,500 ரூபா. பின்னர் 170,000 ரூபா. மாதத்துக்கு 126,500 ரூபா வித்தியாசம். மீன் விலையும் பிடியும் மாறாமலிருந்தால் 2 மாதத்தில் 253,000 ரூபா. விரைவு நடைமுறைக்குரிய 150,000 ரூபா எல்லையை, வட்டியைச் சேர்க்காமலே, எண்ணெய் மட்டும் இரண்டாம் மாதத்தில் கடந்துவிடும்.

நாடு தன் கடன் இறுப்பை நிறுத்தியபோது அறிவித்தல் வெளியிட்டது; கடன்கொடுத்தோரோடு பேச்சு நடந்தது; மறுசீரமைப்பு என்று ஒரு சொல்லும் கிடைத்தது. அதே ஆண்டில் அதே காரணங்களால் நொடித்த குடும்பத்துக்கும் இதற்கு ஒப்பான ஒரு வாசல் வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

அதற்கு முன்னரே, 2018 இல், அப்படி ஒரு வாசல் ஓரளவு திறந்திருந்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, 100,000 ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களைப் பதிவழிப்பதாக நிதி அமைச்சு அறிவித்தது. மன்னாரும் அந்த 12 இல் ஒன்று. அறிவிப்பின்படி தொகை ஏறத்தாழ 140 கோடி ரூபா. பயனாளிகள் ஏறத்தாழ 75,000. சராசரி 18,667 ரூபா. மேற்சொன்ன எண்ணெய்க் கணக்கில் ஒரு மாத வித்தியாசம் இச்சராசரியைப் போல 6.8 மடங்கு. நிவாரணம் ஒரு தடவை வந்தது. வழக்கு இலக்கமோ சான்றிதழோ அதில் இல்லை.

அதே அறிவிப்போடு வந்த வட்டி எல்லை ஆண்டுக்கு 35 சதவீதம். அவ்வாண்டு இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் சில நுண்கடன்களின் வட்டி 220 சதவீதம் வரை சென்றதைப் பதிந்தார். 35 என்ற எண்ணையும் இரு வகையாகக் கணிக்கலாம். 100,000 ரூபாவை 52 வாரத் தவணையில் கட்டுவதாகக் கொள்வோம். குறையும் மீதிக்கு வட்டி போட்டால் வாரத்துக்கு 2,286 ரூபா, மொத்த வட்டி 18,851 ரூபா. முழு முதலுக்கும் ஆண்டு முழுதும் வட்டி போட்டால் வாரத்துக்கு 2,596 ரூபா, மொத்த வட்டி 35,000 ரூபா. இரண்டாவதன் உண்மையான ஆண்டு வீதம் ஏறத்தாழ 62 சதவீதம். கையொப்பமிடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வட்டி முழு முதலுக்கா, மீதிக்கா?

நீதிமன்ற வழியின் காலமும் ஒரு செலவு. உலக வங்கியின் 2020 ஆம் ஆண்டுத் தொழில் நடத்தும் எளிமை அறிக்கை, கொழும்பில் ஒரு வணிக ஒப்பந்தக் கடனை வழக்காடி மீட்க 1,318 நாளும் கோரிய தொகையில் 22.8 சதவீதமும் செல்லும் என்று கணித்தது. 1,318 நாள் என்பது 3 ஆண்டு 7 மாதம். 150,000 ரூபா வழக்குக்கு 22.8 சதவீதம் 34,200 ரூபா. அந்த அறிக்கை வரிசையில் சில நாடுகளின் தரவுகள் முறைகேடாகத் திருத்தப்பட்டது தெரியவந்து 2021 இல் அது நிறுத்தப்பட்டது. இலங்கை அந்நாடுகளில் ஒன்றல்ல. எனினும் இவ்வெண்ணை உத்தேச அளவாக மட்டும் கொள்ளலாம்.

ஏடுகளைத் தேடும் கதை ஐக்கிய அமெரிக்காவில் வேறு. அங்கே 3,000 க்கு மேற்பட்ட கவுண்டிகள் இருந்தாலும் வங்குரோத்து வழக்கு கவுண்டி நீதிமன்றத்துக்குரியதன்று; 94 கூட்டாட்சி நீதி மாவட்டங்களுக்குரியது. பேசர் என்ற மின்னணு ஏட்டில் பக்கத்துக்கு 10 சதம். ஓர் ஆவணத்துக்கு உச்சம் 3 டொலர். காலாண்டுக் கட்டணம் 30 டொலரைத் தாண்டாவிட்டால் அறவீடு இல்லை. அதாவது 3 மாதத்தில் 300 பக்கம் இலவசம். நாடு முழுவதற்கும் ஒரே பெயர்த் தேடல். நம் 43 மணி 20 நிமிடத்துக்கு அங்கே ஈடு சில நிமிடம்.

அங்கே எண்ணவும் முடிகிறது. 2010 இல் 1,593,081 வழக்குகள்; 2022 இல் 387,721. வீழ்ச்சி 75.7 சதவீதம். 2022 இன் எண்ணிக்கை 1,000 பேருக்கு 1.16. 2012 குடிசன மதிப்பீட்டில் மன்னார் மாவட்டத்தின் சனத்தொகை 99,570. அமெரிக்க வீதத்தை இங்கே பொருத்தினால் ஆண்டுக்கு 116 வழக்கு வரும். சட்டமும் கடன் பழக்கமும் வேறானவை. ஆகவே 116 ஓர் எதிர்வுகூறல் ஆகாது. ஒரு மாவட்டத்தில் கடன் முறிவு என்ன அளவில் எண்ணத்தக்கது என்பதற்கு அது ஓர் அளவுகோல்.

கடன் எப்போது முடிகிறது என்பதே கடைசி ஒப்பீடு. அமெரிக்க வங்குரோத்துச் சட்டத்தின் 7 ஆம் அத்தியாய வழக்கில் விடுவிப்பு வழமையாக ஏறத்தாழ 4 மாதத்தில் கிடைக்கும். கடன் அறிக்கையில் அதன் தடம் 10 ஆண்டு இருக்கும். இங்கிலாந்தில் விடுவிப்பு வழமையாக 12 மாதத்தில். பொது ஏட்டிலிருந்து பெயர் அதன்பின் 3 மாதத்தில் நீக்கப்படும். மொத்தம் 15 மாதம். 1853 இன் சட்டத்தில் விடுதலை கொடுப்பது மாதக் கணக்கு அன்று, நீதிமன்றம் வழங்கும் சான்றிதழ். அது கிடைக்கும்வரை இலங்கை அரசியலமைப்பின் 91 ஆம் உறுப்புரைப்படி கடனாளி பாராளுமன்ற வேட்பாளராகவும் முடியாது.

வங்குரோத்து என்ற சொல் நம் ஊர்களில் வசையாகவே வழங்குகிறது. எண்கள் வேறொன்றைச் சொல்கின்றன. 5 ஏடுகளில் 4, கடன் தொடங்கியதையும் தவறியதையும் எழுதுகின்றன. ஒருவர் தன்னிடமிருந்ததை ஒப்படைத்து, மிஞ்சிய கடனிலிருந்து விடுபட்டார் என்று எழுதுவது நீதிமன்றக் கோவை ஒன்றுதான். அந்தப் பக்கம் இருப்பது கடன்கொடுத்தவருக்கும் நல்லது, கடனாளிக்கு அதைவிட நல்லது.

ஆகவே செய்யக்கூடிய ஒன்று. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நீதி அமைச்சின் தகவல் அலுவலரிடம் 2 கேள்வி கேட்கலாம்: மன்னார் மாவட்ட நீதிமன்றத்தில் கடந்த 10 ஆண்டுகளில் ஆண்டுதோறும் எத்தனை வங்குரோத்து மனுக்கள் தாக்கலாகின? எத்தனை சான்றிதழ்கள் வழங்கப்பட்டன? முடிவு அறிவிக்க 14 வேலை நாள். தகவல் கொடுக்க மேலும் 14 நாள். தேவையாயின் 21 நாள் நீடிப்பு. 2017 இன் கட்டண விதிகளில் ஏ4 நிழற்படப் பிரதியின் முதல் 4 பக்கம் இலவசம். அதன்பின் ஒரு பக்கத்துக்கு 2 ரூபா. 10 ஆண்டுக்கு 2 எண் வீதம் 20 எண்கள், ஒரே தாளில் அடங்கும். செலவு 0 ரூபா. பெறுமதிகள் 0 ஆகவே வந்தாலும் அத்தாள் ஒரு சான்று: இந்தக் கரையின் கடன்கள் எங்கே முடிகின்றன என்று அடுத்த கேள்வியை எழுதுவதற்கு.