விமானச் சீட்டை யாரிடம் வாங்குவது?



பள்ளி விடுமுறையோ தீபாவளியோ நெருங்கிவிட்டால் ரவாங்கில் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். திருச்சிக்குப் போவதா, சென்னைக்குப் போவதா, சீட்டு என்ன விலை என்பதே அது. முன்பெல்லாம் இந்தப் பேச்சு வீட்டோடு முடிந்துவிடாது. பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ உள்ள பயண முகவர் கடைக்குப் போய், நாற்காலியில் அமர்ந்து, "அண்ணே, கொஞ்சம் குறைச்சுப் பாருங்க" என்று கேட்க வேண்டும். அதற்கும் முன்னே கப்பல் காலம். ரஜூலாவும், அதன் பின்னர் எம்.வி. சிதம்பரமும் நம்மவர்களை ஏற்றிச் சென்றன. 1985-இல் சிதம்பரம் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அந்தக் காலம் முடிந்தது. கப்பலானாலும் விமானமானாலும் சீட்டு விற்றவரின் முகம் நமக்குத் தெரியும். கோளாறு என்றால் அந்த முகத்தைத் தேடிப் போகலாம்.

இன்று கடை கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, விமான நிறுவனமே நடத்தும் இணையத்தளம். மற்றொன்று, பல நிறுவனங்களின் சீட்டுகளை ஒரே இடத்தில் காட்டி விற்கும் இணைய முகவர். எக்ஸ்பீடியா, டிராவலோக்கா, டிரிப்.காம், மேக்மைடிரிப் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு சிக்கல் வரும்போதுதான் தெரியும்.

நாங்கள் நன்கறிந்த ரவாங் குடும்பம் ஒன்றுக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். அந்த வீட்டு அம்மாளின் தாயார் துறையூரில் காலமானார். உடனே புறப்பட இயலவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்காவது போய்விட வேண்டும் என்று மகன் மூன்று சீட்டு வாங்கினார். விமான நிறுவனத்தின் விலையைவிட இணைய முகவரிடம் ஆளுக்கு முப்பத்தெட்டு வெள்ளி குறைவாக இருந்தது. இடையில் விமான நிறுவனம் புறப்படும் நேரத்தை மூன்று மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டது. அந்த அறிவிப்பு முகவரின் மின்னஞ்சலுக்குப் போயிற்று, மகனுக்கு வரவில்லை. கொமுட்டரில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் மாறி, சிப்பாங் சேர்ந்தபோது விமானம் போய்விட்டது. முகப்பில் இருந்த பெண், "உங்கள் முகவரைக் கேளுங்கள்" என்றார். முகவரின் எண்ணில் பதில் சொன்னது ஓர் இயந்திரம்.

பயணம் செய்பவர் மகன்தானே, செய்தி ஏன் முகவருக்குப் போயிற்று என்று கேட்கலாம். விமான நிறுவனத்தின் பதிவேட்டில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பதிவுக் குறியீடு இருக்கும். அதன் கீழ்ப் பயணியின் பெயரோடு, தொடர்பு கொள்ள வேண்டிய தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கும். சில இணைய முகவர்கள் அந்த இடத்தில் தம்முடைய மின்னஞ்சலையே போட்டுவிடுவார்கள். மேலும், சீட்டைப் பதிவு செய்தவர் முகவர் என்பதால், அதை மாற்றும் பொறுப்பும் முகவருடையது என்று பல நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்கின்றன.

ஆகவே முகவரிடம் வாங்கினாலும் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய், அந்த ஆறெழுத்துக் குறியீட்டையும் பெயரையும் கொடுத்து, பதிவு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் சொந்தத் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் அதில் சேருங்கள். பெரிய நிறுவனங்களின் சீட்டில் பதின்மூன்று இலக்கச் சீட்டெண்ணும் இருக்கும். முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைக் குறிக்கும். மலேசியா ஏர்லைன்ஸ் என்றால் 232. குறியீடு இருந்தும் சீட்டெண் வரவில்லையென்றால், இடம் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறதே தவிர, சீட்டு இன்னும் வெளியிடப்படவில்லை என்று பொருள். சில மலிவுக் கட்டண நிறுவனங்கள் ஆறெழுத்துக் குறியீட்டை மட்டுமே தருகின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது பெயர். இதில்தான் நம் மக்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். இணையப் படிவம் முதற்பெயர் ஒன்றும் குடும்பப் பெயர் ஒன்றும் கேட்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? நம் கடப்பிதழில் பெயர், பிறகு ஏ/எல் அல்லது ஏ/பி, பிறகு தந்தையார் பெயர் என்று ஒரே வரிசையில் இருக்கிறது. பல படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்பதில்லை. சிலர் அதை விட்டுவிடுகிறார்கள், சிலர் இரண்டு எழுத்தையும் சேர்த்து எழுதுகிறார்கள், இன்னும் சிலர் அவசரத்தில் தந்தையார் பெயரை முதலில் போட்டுத் தாத்தா பெயரில் சீட்டு வாங்கிவிடுகிறார்கள்! நேரடியாக வாங்கியிருந்தால் விமான நிறுவனத்தையே அழைத்துத் திருத்தம் கேட்கலாம். முகவரிடம் வாங்கியிருந்தால் முகவர் நிறுவனத்தைக் கேட்டு, நிறுவனம் முகவருக்குச் சொல்லி, நடுவில் ஒரு சேவைக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். கடப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு, ஓர் எழுத்து பிசகாமல் பார்த்துப் பதியுங்கள். மனப்பாடம் போதாது.

மலிவு எங்கிருந்து வருகிறது என்பதையும் சற்றுப் பார்ப்போம். ஒரு காலத்தில் சீட்டு விற்கும் முகவருக்கு விமான நிறுவனம் தரகுப் பணம் கொடுத்தது. 1995-இல் அமெரிக்க நிறுவனங்கள் அதற்கு வரம்பு கட்டத் தொடங்கின, பிறகு மெல்ல மெல்ல நிறுத்தியும் விட்டன. ஏர் ஏசியா போன்ற நிறுவனங்கள் தொடக்கத்திலேயே இணையத்தில் தாமே விற்று முகவர் செலவை மிச்சப்படுத்தின. எனவே இணைய முகவர் பலர் சீட்டில் கிடைக்கும் இலாபத்தை நம்பியிருப்பதில்லை. காப்பீடு, இருக்கைத் தேர்வு, தங்கும் விடுதி, திருத்தக் கட்டணம் ஆகியவற்றில் வரும்படி தேடுகிறார்கள். முதற்பக்கத்து விலையைப் பார்த்து மகிழாதீர்கள், பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்து விலையைப் பாருங்கள். இருபது கிலோ பெட்டிக்கான கட்டணத்தையும் சேர்த்தே இரண்டு பக்கமும் ஒப்பிட வேண்டும். ஊருக்குப் போகிறவர் யார் கைப்பையோடு போகிறார்? முகவர் வெளிநாட்டில் இருந்தால் வங்கி பணமாற்றுக் கட்டணமும் பிடிக்கக்கூடும்.

மதுரை போன்ற ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. இணைய முகவர் சென்னை வரை ஒரு நிறுவனம், சென்னையிலிருந்து மற்றொரு நிறுவனம் என்று இரண்டு தனிச் சீட்டுகளை ஒட்டி ஒரே பயணமாகக் காட்டுவார். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. முழுப் பயணமும் ஒரே சீட்டில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. "நீங்களே மாறிக்கொள்ள வேண்டும்" என்னும் பொருள்பட ஒரு குறிப்பு சிறிய எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவில் விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு நெறிமுறை 2016-இல் நடப்புக்கு வந்தது. விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் உணவு தர வேண்டும். ஐந்து மணியோ அதற்கு மேலோ தாமதமானால், 2024 செப்டம்பர் முதல், பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எந்த வழியில் பணம் கட்டினோமோ அதே வழியில் முப்பது நாளுக்குள் அது வர வேண்டும். புகார்களைக் கவனித்து வந்த மாவ்கோம் ஆணையம் 2025 ஆகஸ்டு முதல் தேதி கலைக்கப்பட்டு, அப்பணி பொது விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் சேர்ந்தது. ஆனால் இக்கடமைகள் விமான நிறுவனத்தைச் சார்ந்தவை. முகவரிடம் வாங்கிய சீட்டுக்குரிய பணம் முதலில் முகவருக்குப் போகிறது, அவர் கையிலிருந்து நமக்கு வர எத்தனை நாள் ஆகும் என்பது வேறு கணக்கு. உள்ளூர் முகவர் பணத்தைத் தர மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். ஐம்பதாயிரம் வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வெளிநாட்டு முகவரை அங்கே கொண்டுவந்து நிறுத்துவது எளிதன்று.

நேரடியாக வாங்கினால் ஆபத்தே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2023 அக்டோபர் 12-ஆம் நாள் மைஏர்லைன் நிறுவனம் திடீரென்று சேவையை நிறுத்தியபோது, அதனிடமே நேரில் சீட்டு வாங்கியவர்களும் விமான நிலையத்தில் திகைத்து நின்றார்கள். அப்போது கடன்பற்று அட்டையில் கட்டியவர்களுக்கு வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கோரும் வழி இருந்தது. வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பியவர்களுக்கு அவ்வளவு எளிய வழி இல்லை. யாரிடம் வாங்குகிறோம் என்பதோடு எப்படிப் பணம் கட்டுகிறோம் என்பதும் கவனத்துக்குரியது.

முகவரே வேண்டாம் என்பது எங்கள் கருத்தன்று. எந்த நிறுவனம் எந்த நாளில் பறக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க இணைய முகவர் தளம் மிகவும் உதவும். அங்கே பார்த்துவிட்டு நிறுவனத்தின் தளத்தில் வாங்கலாம். இருபது பேர் குழுவாகக் காசிக்குப் போகிறார்கள், அல்லது வயதான இருவருக்குச் சக்கர நாற்காலியும் சைவ உணவும் வேண்டும் என்றால், சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்ற பிரிக்பீல்ட்ஸ் கடை முகவர் இன்றும் பெரிய துணை. அவர் கேட்கும் சேவைக் கட்டணத்துக்கு வேலை செய்கிறார், தொலைபேசியைத் தமிழில் எடுக்கிறார். நாள் மாறாத பயணம், கைப்பை மட்டும், விலையும் கணிசமாகக் குறைவு என்றால் இணைய முகவரிடம் வாங்குவதிலும் தவறில்லை. சாவு, காரியம், திருமணம், மருத்துவம் என்று தேதி தவறக்கூடாத பயணங்களுக்கு முப்பது நாற்பது வெள்ளியைப் பார்க்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

அந்த ரவாங் குடும்பம் மறுநாள் விமானத்துக்குப் புதிதாக மூன்று சீட்டு வாங்கிற்று, இம்முறை நிறுவனத்திடமே. துறையூர் போய்ச் சேர்ந்தபோது காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பழைய சீட்டுக்கான பணம் ஐந்து மாதம் கழித்து, முகவரின் சேவைக் கட்டணம் போக மீதி வந்தது. அந்த அம்மாள் அதை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.